கடன் வாங்கிப் படிக்கிற பிள்ளை ஊர் சுற்றலாமா?

வாசகர் கேள்வி – பதில்: அயல்நாட்டில் கல்வி

ஐரோப்பாவில் படிக்கும் குமரி மாவட்டப் பிள்ளைகளும் அவர்களுடைய பெற்றோரும் எழுதிய கேள்விகளில், படிப்புக் காலத்தில் அங்குள்ள நகரங்களைச் சுற்றிப் பார்ப்பது பற்றியவற்றை இந்த இதழுக்கு எடுத்துக்கொண்டிருக்கிறேன்.

கேள்வி: டிரெஸ்டனில் கட்டுமானப் பொறியியலில் முதுகலை படிக்கிறேன். வீடு மார்த்தாண்டத்துக்கு அருகில். ரப்பர் தோட்டத்தை ஈடு வைத்து வங்கியில் கடன் எடுத்துத்தான் அப்பா என்னை அனுப்பினார். நண்பர்களோடு ஒரு முறை பிராகுக்குப் போய்ப் படம் அனுப்பியபோது, “நீ படிக்கத்தானே போனே?” என்று கேட்டார். அதன் பிறகு எங்கும் போக மனம் வரவில்லை. கடனில் படிப்பவன் ஊர் சுற்றுவது தவறா?
— மாணவர், டிரெஸ்டன்

பதில்: தம்பி, உங்கள் அப்பா கேட்டது நியாயமான கேள்வி. அதற்கு மனம் நோக வேண்டியதில்லை. கணக்கோடு பதில் சொல்ல வேண்டும். ஜெர்மனி ஒரு மாணவரின் வாழ்க்கைச் செலவுக்கு மாதம் 992 யூரோ என்று கணித்து, ஆண்டுக்கு 11,904 யூரோவை மாதந்தோறும் ஒரு பகுதியை மட்டுமே எடுக்க விடும் முடக்குக் கணக்கில் (blocked account) முன்கூட்டியே போட்டுக் காட்டச் சொல்கிறது. அறை வாடகை, மருத்துவக் காப்பீடு, சாப்பாடு ஆகியவை போனால் அதில் பெரிதாக மிஞ்சுவதில்லை. எனவே அப்பா கட்டப்போகும் கடனிலிருந்து ஒரு யூரோவும் பயணத்துக்குப் போகக் கூடாது என்பதை முதல் விதியாக வைத்துக்கொள்ளுங்கள். ஆண்டுக்கு 140 முழு நாள் அல்லது 280 அரை நாள் வேலை செய்ய உங்களுக்கு அனுமதி உண்டு. அந்தச் சம்பளத்தில் ஒரு சிறு பங்கைத் தனியே ஒதுக்கி, அதற்குள் அடங்கும் பயணத்தை மட்டும் செய்யுங்கள். தேர்வு முடிந்த பிறகே கிளம்புங்கள். இவ்வளவும் சரியாக இருந்தால், போவதில் தவறில்லை என்பது மட்டுமல்ல, போகாமல் இருப்பதுதான் இழப்பு என்று சொல்வேன். இன்று உங்கள் கையில் இருக்கும் குடியிருப்பு அனுமதி அட்டையும், 26 வயதைத் தாண்டாத பருவமும், மாணவர் பருவச்சீட்டும் பத்து ஆண்டு கழித்துக் கை நிறையப் பணத்தோடு வந்தாலும் உங்களுக்குத் திரும்பக் கிடைக்காது.

ஆனால் பிராகுக்கும் வியன்னாவுக்கும் முன்பாக, டிரெஸ்டனைப் பார்த்துவிட்டீர்களா? கட்டுமானப் பொறியியல் படிக்கிற ஒருவருக்கு அதைவிட நல்ல பாடநூல் அமையாது. 1945 பிப்ரவரிக் குண்டுவீச்சில் எரிந்து இடிந்த ஃபிராவன்கிர்ஹே தேவாலயம், பல பத்தாண்டுகள் இடிபாடாகவே கிடந்து, 1994-இல் தொடங்கிய மறுகட்டுமானத்தால் 2005-இல் மீண்டும் எழுந்தது. இடிபாட்டில் மீட்ட பழைய கற்களில் பயன்படுத்தத் தக்கவற்றை மீண்டும் வைத்துக் கட்டினார்கள். சுவரருகே போய் நின்று பாருங்கள்: புதிய மணற்கல் வெளிர் மஞ்சளாக இருக்க, அதன் நடுவே பழைய கற்கள் கறுப்பாகத் திட்டுத் திட்டாகத் தெரியும்; எந்தக் கல் எங்கே சேர்ந்தது, பழைய பகுதியும் புதிய பகுதியும் எப்படிச் சந்திக்கின்றன என்பதைக் கண்ணாலேயே படிக்கலாம். அங்கிருந்து எல்பே ஆற்றங்கரையோடு கிழக்கே நடந்தால், 1893-இல் கட்டிய லோஷ்விட்ஸ் எஃகுப் பாலம் வரும். இரண்டுக்கும் சேர்த்து நீங்கள் செலவழிப்பது ஒரு மாலைப் பொழுதை மட்டும்தான்.

அடுத்த வட்டம் உங்கள் பருவச்சீட்டு எட்டும் தூரம். ஜெர்மனி முழுவதும் வட்டார ரயில்களிலும் நகரப் பேருந்து, டிராம், மெட்ரோவிலும் செல்லுபடியாகும் டாய்ச்லாண்ட் டிக்கெட் 2023 மே மாதம் 49 யூரோவுக்குத் தொடங்கியது. 2026 முதல் 63 யூரோ. பல பல்கலைக்கழகங்கள் அதன் விலையில் 60 விழுக்காட்டுக்கு அதையே மாணவர் பருவச்சீட்டாகத் தருகின்றன. ஐ.சி.இ. போன்ற அதிவேக ரயில்களில் அது செல்லாது. மெதுவாகப் போகும் ரயிலில் மாறி மாறி ஏற வேண்டும். நேரம் கூடும், காசு கூடாது. முனிச்சில் படிப்பவர்கள் எல்லைக்கு அப்பால் இருக்கும் ஆஸ்திரிய நகரமான சால்ஸ்பர்க் நிலையம் வரைக்கும் இந்தச் சீட்டிலேயே போய் இறங்கலாம்.

அப்பாவுக்கு இனிப் படத்தை மட்டும் அனுப்பாதீர்கள். எந்த வேலையில் வந்த பணம், எவ்வளவு செலவு, அங்கே என்ன பார்த்தீர்கள் என்பதையும் நான்கு வரி எழுதி அனுப்புங்கள். மேல்நாட்டுக் கட்டடத்தின் முன் சிரித்துக்கொண்டு நிற்கும் படத்தில் மகனுடைய கணக்கு தகப்பனுக்குத் தெரிவதில்லை. பயமெல்லாம் அங்கேதான் பிறக்கிறது.

கேள்வி: மகள் பிரான்சில் லியோன் நகரில் படிக்கிறாள். விடுமுறையில் தனியாக ரோம் போகப்போவதாகச் சொல்கிறாள். “பாத்துப் போ மக்களே” என்று சொல்வதைத் தவிர எனக்கு ஒன்றும் தெரியவில்லை. தனியாக அனுப்பலாமா? எதைக் கவனிக்கச் சொல்ல வேண்டும்?
— ஒரு தாயார், கருங்கல்

பதில்: அனுப்பலாம் அம்மா. அந்த நகரங்களில் பெண்கள் தனியே பயணம் செய்வது அன்றாட வழக்கம். மாணவர்களுக்குப் பெரும்பாலும் நேர்வது பொருள் திருட்டு. பாரிஸ் மெட்ரோ, பார்சிலோனாவின் லா ராம்ப்லா வீதி, ரோமின் தெர்மினி ரயில் நிலையம், அங்கிருந்து வத்திக்கான் பக்கம் போகும் 64-ஆம் எண் பேருந்து ஆகியவை சட்டைப்பைத் திருட்டுக்குப் பேர்போனவை. மனுவில் கையெழுத்துப் போடச் சொல்லி ஒருவர் அட்டையை நீட்டும்போது அவருடைய கூட்டாளி பையைத் திறப்பார். பாரிஸ் மோன்மார்த்ர் படிக்கட்டில் மணிக்கட்டில் நூலைக் கட்டிவிட்டுப் பணம் கேட்பார்கள். யாராவது தானாக வந்து நெருங்கிப் பேசினால் நிற்காமல் நடந்துவிட வேண்டும் என்று மகளிடம் சொல்லுங்கள். அதை மரியாதைக் குறைவாக அவர் நினைக்க வேண்டாம்.

இரவு வெகுநேரம் கழித்துப் போய்ச் சேரும் ரயிலையோ பேருந்தையோ, பத்து யூரோ குறைவு என்பதற்காக எடுக்க வேண்டாம் என்பதே என் உறுதியான கருத்து. வெளிச்சம் இருக்கும்போதே இறங்கி, தங்குமிடத்தை அடைந்துவிட வேண்டும். விடுதிகளில் பெண்களுக்கு மட்டுமான பொது அறைகள் உண்டு. பூட்டு ஒன்றை இங்கிருந்தே கொண்டுபோகட்டும், அங்கே அலமாரி இருக்கும், பூட்டு பல இடங்களில் இருக்காது. கடவுச்சீட்டும் பிரான்ஸ் தந்த குடியிருப்பு அனுமதியும் அசலாகக் கையில் இருக்க வேண்டும், நகல் தொலைபேசியிலும் மின்னஞ்சலிலும் இருக்க வேண்டும். அங்குள்ள பல நாடுகள் சேர்ந்து எல்லை இல்லாத பகுதி என்று பெயர் பெற்றிருந்தாலும் ரயிலில் ஏறிச் சோதிப்பது உண்டு. ஜெர்மனி 2024 செப்டம்பரிலிருந்து தன் எல்லா நில எல்லைகளிலும் சோதனை நடத்துகிறது. கடவுச்சீட்டு தொலைந்தால் முதலில் காவல் நிலையத்தில் புகார் எழுதி அதன் படியைப் பெற வேண்டும், பிறகு இந்தியத் தூதரகத்துக்குப் போக வேண்டும். ஐரோப்பிய ஒன்றிய நாடுகள் அனைத்திலும் அவசர உதவி எண் 112.

உங்களிடமும் ஒரு வேண்டுகோள். மகள் புதிய ஊரில் நடந்துகொண்டிருக்கும் வேளையில் அடிக்கடி அழைக்காதீர்கள். தெருவில் தொலைபேசியைக் கையில் நீட்டிப் பிடித்தபடி காணொளியில் பேசிக்கொண்டு நிற்பவர்தான் திருடனின் கண்ணில் முதலில் படுகிறார். கோடையில் அங்கே நம்மைவிட மூன்றரை மணி நேரமும் குளிர்காலத்தில் நான்கரை மணி நேரமும் பின்தங்கியிருக்கும். காலையில் அவர் விடுதியை விட்டுக் கிளம்புமுன் ஒன்று, மாலையில் திரும்பி அறைக்குள் போனபின் ஒன்று என்று இரண்டு வேளையைக் குறித்துக்கொள்ளுங்கள். மாலை ஏழு மணிக்கு அவர் பேசினால் நம் ஊரில் பத்தரையோ பதினொன்றரையோ ஆகும்; அது வரைக்கும் விழித்திருந்து பேசிவிட்டு நிம்மதியாகத் தூங்கலாம்.

கேள்வி: என் மகன் அயர்லாந்தில் படிக்கிறான், அண்ணன் மகன் நெதர்லாந்தில் படிக்கிறான். அண்ணன் மகன் விசா எடுக்காமலேயே பல நாடுகளுக்குப் போய் வருகிறான், என் மகனுக்கு ஒவ்வொன்றுக்கும் விசா கேட்கிறார்கள். இந்த வேறுபாடு ஏன்?
— வாசகர், தக்கலை

பதில்: தங்களுக்குள் வழக்கமான எல்லைச் சோதனையை நீக்கிக்கொண்ட நாடுகளின் தொகுதிதான் ஷெங்கன் பகுதி. நெதர்லாந்து அதற்குள் இருக்கிறது, அயர்லாந்து அதற்கு வெளியே இருக்கிறது. ஷெங்கனில் இப்போது 29 நாடுகள் உள்ளன. கடைசியாக ருமேனியாவும் பல்கேரியாவும் 2025 ஜனவரியில் முழுமையாகச் சேர்ந்தன. இந்நாடுகளில் ஒன்று தந்த குடியிருப்பு அனுமதியோ நீண்ட கால விசாவோ இருப்பவர், மற்ற ஷெங்கன் நாடுகளில் எந்த 180 நாளை எடுத்தாலும் அதில் 90 நாள் வரை தங்கலாம். சுவிட்சர்லாந்தும் நார்வேயும் ஐரோப்பிய ஒன்றியத்தில் இல்லாவிட்டாலும் ஷெங்கனில் இருக்கின்றன. அயர்லாந்திலும் பிரிட்டனிலும் படிக்கும் நம் பிள்ளைகள் ஷெங்கன் விசா எடுத்தே ஆக வேண்டும்: கட்டணம் பெரியவர்களுக்கு 90 யூரோ, குறைந்தது 30,000 யூரோவுக்கான மருத்துவக் காப்பீடும் காட்ட வேண்டும். அதிக நாள் தங்கப்போகும் நாட்டின் தூதரகத்தில், படிக்கும் நாட்டிலிருந்தே விண்ணப்பிக்கலாம். அதே போல, அண்ணன் மகன் லண்டனையோ டப்ளினையோ பார்க்க விரும்பினால் அவருக்கும் தனி விசா வேண்டும்.

அனுமதி அட்டை புதுப்பித்தலில் இருக்கும் மாதங்களில் இன்னும் கவனம் தேவை. அப்போது தரப்படும் இடைக்காலச் சான்றிதழ், தங்கியிருக்கும் நாட்டில் செல்லும் என்பதால் பக்கத்து நாட்டிலும் செல்லும் என்று எண்ணிக்கொண்டு கிளம்பிவிடக் கூடாது. உள்ளூர் அயல்நாட்டவர் அலுவலகத்தில் கேட்டு, முடிந்தால் எழுத்தில் வாங்கிய பிறகே சீட்டு எடுக்க வேண்டும்.

கேள்வி: நண்பர்கள் நான்கு பேர் சேர்ந்து பத்து நாளில் ஆம்ஸ்டர்டாம், பிரசெல்ஸ், பாரிஸ், பார்சிலோனா, ரோம், வெனிஸ், வியன்னா என ஏழு நகரங்கள் பார்க்கத் திட்டமிட்டிருக்கிறோம். சரியாக வருமா?
— மாணவி, ஊர் நாகர்கோவில்

பதில்: போய் வந்துவிடலாம், பார்த்திருக்க மாட்டீர்கள். பாரிசிலிருந்து பார்சிலோனாவுக்கு அதிவேக ரயிலே ஆறு மணி நேரத்துக்கு மேல் எடுக்கும். பார்சிலோனாவிலிருந்து ரோமுக்கு விமானம் என்றால் நிலையத்துக்குப் போவதும் காத்திருப்பதும் இறங்கி நகருக்குள் வருவதுமாக அரை நாளுக்கு மேல் போய்விடும். ஏழு நகரம் என்றால் ஆறு முறை மூட்டை கட்ட வேண்டும். பத்து நாளில் மூன்று நான்கு நாள் வண்டியிலும் வரிசையிலும் கழியும்; மிச்சத்தில் ஒவ்வொரு ஊரிலும் பெயர்பெற்ற ஒரு கட்டடத்தின் முன் படம் எடுத்துக்கொண்டு அடுத்த ரயிலுக்கு ஓடுவீர்கள். மாணவர்களிடம் நான் அடிக்கடி பார்ப்பது இந்தத் திட்டத்தைத்தான். அன்போடு சொல்கிறேன், நான்கு நகரங்களை அடித்துவிடுங்கள்.

முதல் மூன்றை வைத்துக்கொள்ளுங்கள். ஆம்ஸ்டர்டாமிலிருந்து பிரசெல்ஸ் ஏறத்தாழ இரண்டு மணி நேரம், பிரசெல்சிலிருந்து பாரிஸ் ஒன்றரை மணி நேரத்துக்கும் குறைவு. ஆம்ஸ்டர்டாமில் மூன்று நாள், பிரசெல்சைத் தங்குமிடமாக வைத்து ஒரு நாள் பெல்ஜியத்தின் புரூக் (Bruges) நகரம், பாரிசில் குறைந்தது நான்கு நாள் என்று அமையட்டும். பாரிசுக்கு நான்கு நாள் சொல்வதற்குத் தனிக் காரணம் இருக்கிறது. ஐரோப்பியப் பொருளாதாரப் பகுதியில் (ஐரோப்பிய ஒன்றிய நாடுகளும் நார்வே, ஐஸ்லாந்து, லிச்சென்ஸ்டைனும்) வசிக்கும் 26 வயதுக்குட்பட்டவர்களுக்கு லூவ்ர் அருங்காட்சியகம் இலவசம். குடியுரிமை கேட்பதில்லை, வசிப்பதற்கான சான்று போதும். மற்ற நாட்டிலிருந்து வரும் பயணி 2026 ஜனவரி முதல் 32 யூரோ கொடுக்கிறார். அவ்வளவு கொடுத்தவர் ஒரே நாளில் எல்லாவற்றையும் பார்த்துவிட வேண்டும் என்று கூடம் கூடமாக ஓடுகிறார். நீங்கள் ஓட வேண்டியதில்லை. ஒரு நாள் முற்பகல் இரண்டு மணி நேரம் ஒரு பக்கத்தைப் பார்த்துவிட்டு வெளியே வந்து ஆற்றங்கரையில் உட்காரலாம்; இன்னொரு நாள் மாலை வேறு பக்கத்துக்குப் போகலாம். புதன், வெள்ளிக் கிழமைகளில் இரவு ஒன்பது வரை திறந்திருக்கும், செவ்வாய் விடுமுறை. ஒவ்வொரு முறையும் நேரத்தை இணையத்தில் பதிவு செய்துகொள்ளுங்கள். மோனா லிசாவின் முன்னால் கூட்டம் நெருக்கியடிக்கும்போது, மெசொபொத்தேமியப் பகுதியில் ஹமுராபியின் சட்டம் பொறித்த இரண்டேகால் மீட்டர் உயரக் கருங்கல் தூணை ஓரளவு அமைதியாகவே சுற்றி வந்து பார்க்கலாம். மேலே மன்னன் கடவுளின் முன் நிற்கிறான்; கீழே ஆப்பெழுத்து வரிசை வரிசையாக இறங்குகிறது. கல்வெட்டுகள் நிறைந்த கோயில்களில் வளர்ந்த நமக்கு அந்தக் கல் எளிதில் நெருக்கமாகிவிடும்.

எல்லா நாடும் இப்படித் தாராளம் காட்டுவதில்லை என்பதையும் அறிந்துகொள்ளுங்கள். இத்தாலிய அரசு அருங்காட்சியகங்களில் 18 முதல் 25 வயதினருக்கான 2 யூரோ சலுகை ஐரோப்பியக் குடியுரிமை உள்ளவர்களுக்கானது. அங்கே நமக்கு உதவுவது மாதத்தின் முதல் ஞாயிறு, அன்று எல்லாருக்கும் இலவசம். மாட்ரிட்டின் பிராடோ 18 முதல் 25 வயது மாணவர்களுக்குக் கட்டணம் வாங்குவதில்லை. எங்கே போனாலும் மாணவர் அட்டையைப் பையின் அடியில் போட்டுவிடாமல் எடுக்கத் தோதாக வைத்துக்கொள்ளுங்கள்.

நகருக்குள் பயணச்சீட்டு விஷயத்தில் நம் பிள்ளைகள் ஏமாறுவது அதிகம். பெர்லின், வியன்னா, பிராக் போன்ற ஊர்களில் மெட்ரோ நிலையத்துக்குத் தடுப்புக் கதவு இருக்காது. யாரும் கேட்கவில்லையே என்று தோன்றும். திடீரென்று சாதாரண உடையில் பரிசோதகர் வருவார். ஜெர்மனியில் அபராதம் 60 யூரோ. காகிதச் சீட்டை வாங்கினால் மட்டும் போதாது. பிராகிலும் பெர்லினிலும் அதைச் சிறு பெட்டிக்குள் செலுத்தி நேரமுத்திரை பதித்த பிறகே அது செல்லும். இத்தாலிய வட்டார ரயில்களின் காகிதச் சீட்டுக்கும் அதே விதிதான். முத்திரை இல்லாத சீட்டோடு பிடிபட்டால், வாங்கிய சீட்டைக் காட்டி வாதாடிப் பயனில்லை.

கேள்வி: நம் மாவட்டத்தோடு தொடர்புள்ள இடங்கள் ஐரோப்பாவில் உண்டா? மகன் கேட்கிறான், எனக்குச் சொல்லத் தெரியவில்லை.
— ஓய்வு பெற்ற ஆசிரியர், குளச்சல்

பதில்: ஐயா, இப்படி ஒரு கேள்வி வந்ததில் எனக்கு மிகுந்த மகிழ்ச்சி. குளச்சல்காரர் என்பதால் ஆம்ஸ்டர்டாமிலிருந்தே தொடங்குகிறேன். 1741-இல் குளச்சல் கடற்கரையில் மார்த்தாண்ட வர்மாவின் படையிடம் தோற்றது டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனி. அந்தக் கம்பெனியின் தலைமையகமாக இருந்த கிழக்கிந்திய மாளிகை இன்றும் ஆம்ஸ்டர்டாமின் பழைய நகரில் நிற்கிறது. ஆம்ஸ்டர்டாம் பல்கலைக்கழகம் அதைப் பயன்படுத்துகிறது. உங்கள் ஊர்க் கடற்கரையில் வெற்றித்தூணைப் பார்த்து வளர்ந்த பையன் அந்தச் செங்கல் கட்டடத்தின் முன் நின்றால், அங்கு வரும் மற்ற எந்தப் பயணிக்கும் தோன்றாத எண்ணங்கள் அவனுக்குத் தோன்றும். அந்தப் போரில் பிடிபட்டு, பிறகு திருவிதாங்கூர்ப் படைக்கே தளபதியான டிலனாயின் கல்லறை நம் புலியூர்க்குறிச்சி உதயகிரிக் கோட்டைக்குள் லத்தீனிலும் தமிழிலும் எழுதிய கல்லோடு இருக்கிறது. கிளம்புமுன் மகனை அங்கே ஒருமுறை அழைத்துப்போங்கள். ஆம்ஸ்டர்டாம் அதன் பிறகே அவனுக்கு முழுமையாகப் புரியும்.

கோட்டாறு பேராலயம் யாருடைய பெயரால் விளங்குகிறதோ அந்தப் புனித சவேரியாரும் ஒரு காலத்தில் அயல்நாட்டு மாணவர்தான். நவார் நாட்டு ஹாவியர் கோட்டையில் பிறந்தவர், 1525-இல் பாரிசுக்குப் படிக்கப் போய், சேந்த் பார்ப் கல்லூரியில் இக்னேஷியஸ் லொயோலாவோடு ஒரே அறையில் தங்கினார். அந்தக் கல்லூரி இருந்த இடம் இப்போது மாணவர்களுக்கான நூலகமாகப் பாந்தேயோன் மண்டபத்துக்குப் பக்கத்தில் உள்ளது. 1534 ஆகஸ்ட் 15 அன்று அவரும் தோழர்களும் உறுதிமொழி எடுத்தது மோன்மார்த்ர் குன்றில். அவருடைய வலக் கை ரோமின் ஜெசு ஆலயத்தில் ஒரு பக்கப் பீடத்தில் வைக்கப்பட்டிருக்கிறது. நுழைவுக் கட்டணம் கிடையாது. அதே ரோமில் புனித பேதுரு சதுக்கத்தில்தான் 2022 மே 15 அன்று நட்டாலத்தில் பிறந்த தேவசகாயம் பிள்ளை புனிதராக அறிவிக்கப்பட்டார்.

மேலே சொன்ன எல்லாவற்றிலும் எனக்கு மிகவும் பிடித்தது ஜெர்மனியின் ஹாலே நகரம். லைப்சிக்கில் நான் படித்த காலத்தில் உள்ளூர் ரயிலில் ஏறி அங்கே போவது எனக்கு வழக்கமாக இருந்தது; பயணம் சுமார் முக்கால் மணி நேரத்துக்குள் முடிந்துவிடும். மயிலாடியில் 1806-இல் பணியைத் தொடங்கிய மிஷனரி ரிங்கல்தௌபே இந்த ஊர்ப் பல்கலைக்கழகத்தில் படித்தவர். அவருக்கு நூறு ஆண்டு முன்பே, 1706-இல் தரங்கம்பாடியில் வந்திறங்கிய மிஷனரி சீகன்பால்குவும் இங்கே பயின்றவரே. தரங்கம்பாடி அச்சகத்துக்கான முதல் தமிழ் எழுத்துகளும் ஹாலேயில்தான் வார்க்கப்பட்டன. 1698-இல் நிறுவப்பட்ட பிராங்கே அறநிலையம் ரயில் நிலையத்திலிருந்து நடந்து போகும் தூரத்தில் உள்ளது. அனாதைப் பிள்ளைகளுக்காகக் கட்டிய பெரிய இல்லத்தின் கூரையடி மாடியில் 18-ஆம் நூற்றாண்டின் அரும்பொருள் அறையை அப்படியே வைத்திருக்கிறார்கள். மேலே விட்டத்திலிருந்து ஒரு முதலை தொங்கும். சுற்றிலும் நெற்றியில் ஓவியம் தீட்டிய மர அலமாரிகள். சங்கு சிப்பிகளுக்கு ஒன்று, கனிமங்களுக்கு ஒன்று என்று நகர்ந்துகொண்டே வந்தால், தமிழ்நாட்டுக் கரையிலிருந்து கப்பலேறிப் போன பொருள்கள் உள்ள அலமாரியின் முன் வந்து நிற்பீர்கள். தரங்கம்பாடியிலிருந்து அனுப்பிய தமிழ் ஓலைச்சுவடிகளையும் அந்த அறநிலையம் இன்றுவரை காத்து வருகிறது. பெர்லினுக்கு வாராவாரம் போகும் நம் மாணவர்கள் இந்த ஊரின் பெயரைக்கூடக் கேட்டதில்லை என்பது எனக்கு வருத்தம். பருவச்சீட்டு வைத்திருக்கும் எவருக்கும் தனிப் பயணச் செலவே இல்லாத இடம் இது.

இன்னும் இரண்டைச் சுருக்கமாகச் சொல்கிறேன். 1820-களில் மிஷனரிகளான மால்ட் தம்பதியர் காலத்தில் நாகர்கோவிலில் வேரூன்றிய பின்னல் லேஸ் வேலையை வீட்டில் யாராவது செய்திருந்தால், பெல்ஜியத்தின் புரூக் நகர லேஸ் மையத்துக்குப் போகச் சொல்லுங்கள். அங்கே மூதாட்டிகள் தலையணையில் ஊசி குத்தி, மரக்கட்டைகளை மாற்றி மாற்றிப் போட்டு நூலைப் பின்னுவதை அருகிலிருந்து பார்க்கலாம். பொறியியல் படிப்பவராக இருந்தால், தெற்குப் பிரான்சில் நீம் நகருக்கு அருகே ரோமானியர் கட்டிய பான் து கார் நீர்ப்பாலம்: ஏறத்தாழ 49 மீட்டர் உயரம், மூன்றடுக்கு வளைவுகள். 1966-இல் கட்டிய நம் மாத்தூர் தொட்டிப்பாலம் 115 அடி. மலை விட்டு மலைக்குத் தண்ணீரைக் கொண்டுபோக வேண்டும் என்ற அதே கணக்கை இரண்டு காலத்துப் பொறியாளர்கள் எப்படிப் போட்டார்கள் என்பதை ஒப்பிட்டுப் பார்க்க நல்ல இணை.

கேள்வி: இன்டர்ரெயில், யூரெயில் என்று இரண்டு ரயில் பாஸ் சொல்கிறார்கள். எதை வாங்குவது? மலிவு விமானம் அதைவிட நல்லதா?
— மாணவர், ஊர் குழித்துறை

பதில்: ஐரோப்பாவில் சட்டப்படி வசிப்பவருக்கு இன்டர்ரெயில், வெளியிலிருந்து வருபவருக்கு யூரெயில், இந்தியக் கடவுச்சீட்டு வைத்திருந்தாலும் அங்கே வசிப்பதால் நீங்கள் இன்டர்ரெயில் வாங்க வேண்டும். 27 வயது வரை இளைஞர் விலை. வசிக்கும் நாட்டுக்குள் அதை வெளியேற ஒரு முறையும் திரும்ப ஒரு முறையும் மட்டுமே பயன்படுத்தலாம். பிரான்சின் அதிவேக ரயிலிலும் இரவு ரயில்களிலும் இருக்கைக்குத் தனிக் கட்டணம் உண்டு என்பதால், மூன்று நகரப் பயணத்துக்கு முன்பதிவுச் சீட்டே பெரும்பாலும் மலிவாக முடியும். கூட்டிப் பார்த்து வாங்குங்கள்.

மலிவு விமானத்தில் சீட்டின் விலையை மட்டும் பார்க்காதீர்கள். பாரிஸ் என்று போட்டிருக்கும் பொவே விமான நிலையம் நகரிலிருந்து 80 கிலோமீட்டருக்கு மேல். பிராங்க்ஃபர்ட் ஹான் 120 கிலோமீட்டர். ஐரோப்பியக் குடியுரிமை இல்லாதவர்களின் ஆவணங்களைச் சில நிறுவனங்கள் பாதுகாப்புச் சோதனைக்கு முன்பே முகப்பில் சரிபார்க்கின்றன. அதற்கும் நேரம் வைத்துக்கொண்டு போக வேண்டும். ஒரு ஆறுதல்: ஐரோப்பிய விதிப்படி, விமான நிறுவனத்தின் பொறுப்பிலான காரணத்தால் மூன்று மணி நேரத்துக்கு மேல் தாமதமாகப் போய்ச் சேர்ந்தால், 1,500 கிலோமீட்டர் வரையான பயணத்துக்கு 250 யூரோ இழப்பீடு கேட்கலாம். கேட்டால்தான் கிடைக்கும்.

சுவிட்சர்லாந்துக்குள் நுழையும்போது தொலைபேசியின் இணையத்தை அணைத்துவிடுங்கள். 2017-இலிருந்து ஐரோப்பிய ஒன்றிய நாடுகளுக்குள் ஒரு நாட்டுத் தொலைபேசி இணைப்பை இன்னொரு நாட்டில் பயன்படுத்தக் கூடுதல் ரோமிங் கட்டணம் இல்லை, ஆனால் அந்தச் சலுகையில் சுவிட்சர்லாந்து சேரவில்லை. பிராக், புடாபெஸ்ட் போன்ற யூரோ இல்லாத ஊர்களில் அட்டை இயந்திரம் யூரோவில் செலுத்தவா என்று கேட்டால் வேண்டாம் என்று சொல்லி, உள்ளூர் நாணயத்திலேயே செலுத்துங்கள்.

கேள்வி: இந்தக் கிறிஸ்துமஸுக்கு ஊருக்கு வர முடியவில்லை. டிசம்பர் 24, 25 தேதிகளில் ஏதாவது பெரிய நகரத்துக்குப் போய்க் கொண்டாடலாம் என்று நானும் அறைத்தோழியும் நினைக்கிறோம். எந்த ஊர் நல்லது?
— மாணவி, ஊர் கொல்லங்கோடு

பதில்: தங்கையே, நம் ஊரில் தெருவெல்லாம் நட்சத்திரமும் குடிலும் பாட்டும் வெடியுமாக இருக்கும் அந்த இரவை மனத்தில் வைத்துக்கொண்டு அங்கே போனால் ஏமாற்றம் மிஞ்சும். ஐரோப்பாவில் கொண்டாட்டம் டிசம்பர் 24-க்கு முந்தைய நான்கு வாரங்களில் நடக்கிறது. 1434 முதல் நடந்துவரும் டிரெஸ்டன் சந்தை, நியூரன்பர்க், ஸ்ட்ராஸ்பூர்க் போன்ற இடங்களின் கிறிஸ்துமஸ் சந்தைகள் 24-ஆம் தேதியோடு பெரும்பாலும் முடிந்துவிடும். அன்று பிற்பகலில் கடைகள் மூடும், எல்லாரும் வீட்டுக்குள் குடும்பத்தோடு இருப்பார்கள். 25, 26 இரண்டு நாளும் ஜெர்மனியில் விடுமுறை; பிரிட்டனில் 25 அன்று ரயிலே ஓடாது. பெர்லினில் மாலை நான்கு மணிக்கெல்லாம் இருட்டிவிடும்.

அதனால் சந்தைகளை டிசம்பர் முதல் இரண்டு வாரங்களில், வார நாளின் மாலையில் பார்த்துவிடுங்கள். 24-ஆம் தேதி இரவுக்குப் படிக்கும் ஊரிலேயே இருங்கள். பல்கலைக்கழகங்களின் அயல்நாட்டு மாணவர் அலுவலகங்களும் மாணவர் ஆலயக் குழுக்களும் வீட்டுக்குப் போக முடியாதவர்களை அன்று விருந்துக்கு அழைப்பது உண்டு. நவம்பரிலேயே கேட்டுப் பெயர் கொடுத்துவிடுங்கள். அரிசி, பால், காய்கறி எல்லாவற்றையும் 23-ஆம் தேதிக்குள் மூன்று நாளுக்குச் சேர்த்து வாங்கி வையுங்கள். மறந்துவிட்டால் பெரிய ரயில் நிலையத்துக்குள் இருக்கும் கடைகள்தான் திறந்திருக்கும்.